மலைநாட்டுக் கோப்பியும் மல்லிக் கோப்பியும்

கோப்பி என்பது மல்லியும் வேர்க்கொம்பும் கலந்த ஒரு பானம் என்றே என் இருபத்தாறாவது வயதுவரை நான் எண்ணியிருந்தேன். யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிற் பிறந்தவனுக்கு அவ்வெண்ணம் இயல்பானதே. மாதத்தில் ஒருநாள் எங்கள் அம்மா தாச்சியை அடுப்பில் ஏற்றிக் கோப்பிக் கொட்டையை வறுக்கத் தொடங்குவார். கொட்டை கறுத்து, எண்ணெய் கசிந்து, புகை கிளம்பும் பருவத்தில் இறக்கிவைத்து, மல்லியையும் வேர்க்கொம்பையும் வேறாக வறுத்துச் சேர்ப்பார். அவ்வாசனை ஒழுங்கையின் முடக்குவரை சென்று, எங்கள் வீட்டிற் கோப்பி இடிபடும் செய்தியை அயலாருக்கெல்லாம் அறிவித்துவிடும். உரலிலிட்டு இடித்து, அரிதட்டில் அரித்து, தகரப் பேணியில் இறுக அடைத்து வைத்த அந்தத் தூளே காலையில் எங்களுக்குக் கோப்பி, காய்ச்சற்காரனுக்கு மருந்து, செத்தவீட்டில் இரவு விழித்திருப்போருக்குத் துணை. மூக்குப்பேணியில் வார்த்து, பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு அண்ணாந்து குடிப்போம்.

1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியில், வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் ஊரைவிட்டுத் தென்மராட்சிக்குச் சென்றபோது, எங்கள் மூட்டைக்குள் அந்தத் தகரப் பேணியும் இருந்தது. பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில், முன்பின் அறியாத நாலைந்து குடும்பங்களுடன் தங்கினோம். விடியற்காலையில் அம்மா மூன்று கல்லை அடுக்கி, சுள்ளி பொறுக்கி, எல்லோருக்குமாகக் கோப்பி வைத்தார். பொருள்கள் வந்து சேராத காலம் அது. பேணியிலிருந்த தூளில் முக்காற்பங்கு மல்லியாகவே இருந்திருக்கும். ஆயினும், அதிற் கோப்பி எவ்வளவு, மல்லி எவ்வளவு என்று அன்று எவரும் கேட்கவில்லை. நல்ல கோப்பி எது என்று பின்னாளில் எவர் என்னிடம் வினவினாலும், அந்த மண்டபத்து வாசலே முதலில் என் நினைவுக்கு வரும்.

இத்தகைய நாக்குடனேயே நான் மலைநாட்டுக்குச் சென்றேன். பட்டம் பெற்றபின் எனக்குக் கிடைத்த முதல் நியமனம் மாத்தளை மாவட்டத்திலே, தோட்டப்புறத்துப் பாடசாலை ஒன்றில். வரலாறு கற்பிக்க வேண்டும். பாடத்திட்டத்தில் 'பெருந்தோட்டப் பயிர்ச்செய்கையின் தோற்றம்' என்று ஒரு பகுதி உண்டு. கோப்பிச் செய்கை எப்போது தொடங்கியது, எதனால் அழிந்தது, அதன் இடத்தில் எது வந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையைக் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். மாணவர் எழுதிக்கொள்வர். புள்ளியும் பெறுவர். அவர்களுடைய பாட்டன் பூட்டன் கதையையே அவர்களுக்கு நான் நான்கு வரிகளிற் சுருக்கிக் கொடுக்கிறேன் என்பது அக்காலத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அவ்வகுப்பில் இருந்த மாணவன் ஒருவன் ஒருநாள் மாலையில் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றான். லயத்தின் பின்புறத்தே, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த மூன்று கோப்பி மரங்கள் நின்றன. அவனுடைய அப்பாயி, சிவக்கப் பழுத்த பழங்களை மட்டும் பறித்து, சுளகிற் காயவைத்து, அதிகம் கருகவிடாது வறுத்து, அம்மியில் அரைத்து வைத்திருந்த தூளிலே கோப்பி கலந்து தந்தார். நான் ஒரு மிடறு குடித்தேன். மல்லியும் இல்லை, வேர்க்கொம்பும் இல்லை. நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்புத் தட்டியது. பழுதாகிய பொருளோ என்று ஐயுற்றேன். பாதியைக் குடித்து, மீதியை மரியாதையாகச் சொல்வதாக எண்ணி ஏதோ சாக்குச் சொல்லி வைத்துவிட்டு எழுந்தேன்.

சில ஆண்டுகளில் மாற்றம் பெற்று யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தேன். கரும்பலகை மாறியதேயன்றி விடை மாறவில்லை.

பின்னர் ஒரு மார்கழி விடுமுறையில் அந்த மாணவன் என்னைத் தொலைபேசியில் அழைத்தான். கொழும்பிற் கடையொன்றிலே பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில், இறத்தோட்டைக்கு மேலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் அரை ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலம் வாங்கியிருப்பதாகவும், அதிற் கோப்பி பயிரிட்டிருப்பதாகவும் கூறினான். "வந்து பாருங்க சேர், இப்போ பழம் எடுக்கிற நேரம்" என்றான். மாத்தளை முத்துமாரியம்மனை வணங்கிவிட்டு மலை ஏறினேன்.

அந்நிலத்தைத் தோட்டம் என்பதைக்காட்டிலும் சோலை என்பதே பொருந்தும். மேலே பலாவும் கராம்பும் கமுகும். மிளகுக்கொடி படர்ந்த முள்முருக்கு. அவற்றின் நிழலிலே கோப்பிச் செடிகள். கண்டி, மாத்தளைப் பகுதிகளிலுள்ள வீட்டுத்தோட்டங்களின் பழைய அமைப்பு இதுவே. "கராம்புக்குப் பக்கத்தில் நிற்பதனாற் கோப்பியிலும் கராம்பு வாசம் ஏறுமா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். அயல்மரத்தின் வாசனை கொட்டைக்குள் ஏறுவதில்லை. நிழல் செய்யும் வேலை வேறு. வெயில் தணிந்து, காற்றுக் குளிர்ந்திருந்தாற் பழம் ஆறுதலாகப் பழுக்கும். ஆறுதலாகப் பழுக்கும் பழத்தின் கொட்டையிலே இனிப்பும் புளிப்பும் நிறைந்து, கொட்டையும் இறுகிக் கனக்கும். அராபிக்கா என்னும் உயர்ந்த இனம் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட குளிர்ந்த மலைகளை விரும்புவதும் இது பற்றியே. றொபஸ்டா என்னும் மற்றை இனம் தாழ்ந்த நிலத்திலும் செழிக்கும், நோயையும் பெரும்பாலும் தாங்கும், ஆனால் அதிலுள்ள கபீன் ஏறத்தாழ இருமடங்கு, கசப்பும் அதிகம். எங்கள் கடைகளில் விற்கப்படும் கோப்பித்தூளிற் பெரும்பகுதி இவ்வினத்ததே. அதற்கு மல்லியைத் துணைசேர்த்த நம் தாய்மார் அறியாதவர் அல்லர்.

கோப்பிச் செடிக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. சில வாரம் வாடிக்கிடந்தபின் ஒரு மழை விழுந்தாற் போதும்; சில நாள்களிற் கிளை முழுவதும் வெண்மையாகப் பூத்துவிடும். மல்லிகையை ஒத்த மணம் வீசும். இரண்டொரு நாளிற் பூ உதிர்ந்துவிடும். அதன்பின் காய் பிடித்துப் பழமாக எட்டு ஒன்பது மாதம் செல்லும். ஆனால், இருபருவ மழையும் பெறுகின்ற எங்கள் மலைநாட்டில் மழை ஒரு நாளோடு நிற்பதில்லை. ஆகவே பூவும் ஒரே நாளிற் பூப்பதில்லை. ஒரே கிளையில் பச்சைக் காயும் மஞ்சட் பழமும் சிவந்த பழமும் அடுத்தடுத்து நிற்பதைக் கண்டேன். கிளையைப் பற்றி உருவினால் வேலை ஒரு நாளில் முடியும். ஆனாற் காயின் துவர்ப்பும் அழுகலின் நாற்றமும் பேணிவரை வந்து சேரும். சிவந்ததை மட்டும் தேர்ந்து பறிப்பதானால் ஒரே செடியிடம் ஏழெட்டு முறை செல்லவேண்டும். ஓரிடத்துக் கோப்பியின் சிறப்பை மண்ணும் மழையும் தருகின்றன என்று எழுதுவது எளிது. மண்ணும் மழையும் தந்ததைக் கெடாது காப்பது பறிக்கும் கையே என்பதை அன்று அந்தச் செடியடியிலே அறிந்தேன்.

பறித்த பழத்தை முதலில் நீரில் இடுகிறார்கள். மிதப்பது பதர், அதைத் தள்ளிவிடுவர். பின் தோலை நீக்கி, வழுவழுப்பான சதை நொதித்துக் கழலும்வரை தொட்டியில் வைத்துக் கழுவி உலர்த்துவது ஒரு முறை. தோலோடு முழுப்பழமாகவே உலரவிடுவது மற்றொரு முறை. முன்னையதிற் சுவை தெளிந்து நிற்கும்; பின்னையதிற் பழத்தின் இனிப்பும் மணமும் மிகும். நிலத்தில் இடாது, கம்பிவலை கட்டிய பரணிலே மெல்லப் பரப்பி, அடிக்கடி கிளறி, பனிக்கும் மழைக்கும் மூடி, நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஈரம் நிற்கும்வரை காயவைக்கவேண்டும். இத்தனையும் செய்து முடித்தால் ஆறு இறாத்தற் பழத்திலிருந்து ஏறத்தாழ ஓர் இறாத்தற் கொட்டை கிடைக்கும்.

அன்று மாலை அவன் கோப்பியைச் சுவைத்துப் பார்க்கும் முறையையும் காட்டினான். ஒரே அளவான கிண்ணங்களில் ஒரே நிறையுள்ள தூளை இட்டு, கொதி சற்று ஆறிய நீரை வார்த்தான். நான்கு நிமிடம் சென்றபின், மேலே திரண்ட ஆடையைக் கரண்டியால் உடைத்து, குனிந்து மணத்தை முகரச் சொன்னான். பின்னர் கரண்டியில் அள்ளி, ஓசை எழ உறிஞ்சவேண்டுமாம். ஓசை எழக் குடிக்காதே என்று சிறுவயதிலிருந்து கண்டிக்கப்பட்டவன் நான். ஆயினும் மாணவனே ஆசிரியனாகிய அவ்வேளையிற் சொன்னபடி செய்தேன். இப்படிச் சுவைத்து, நூறு புள்ளிக்கு எண்பதும் அதற்கு மேலும் பெறுவதையே உலகச் சந்தையிற் சிறப்புத்தரக் கோப்பி என்கின்றனர். எதியோப்பியாவின் மேட்டுநிலக் கோப்பி சிலவற்றில் மல்லிகையும் எலுமிச்சையும் மணக்கும். மலபாரில் ஒருவகைக் கோப்பியைப் பருவக்காற்றிலே வாரக்கணக்காகப் பரப்பி ஊதவைப்பதால் அதிற் புளிப்பே இராது. ஊர்தோறும் மொழி வழக்கு வேறுபடுவதுபோன்று கோப்பியும் வேறுபடுகின்றது.

எனக்கு முன் இருந்த கிண்ணத்திலோ, முதலில் அதே புளிப்பு. பல ஆண்டுகளுக்குமுன் லயத்து வாசலில் நாக்கில் தட்டிய அதே புளிப்பு! ஆனால் இம்முறை நான் கிண்ணத்தை வைத்துவிடவில்லை. சற்று ஆறவிட்டு மறுபடி சுவைத்தேன். தோடம்பழச் சுளையின் புளிப்புப்போல் அது கனிந்து, பின்னாற் கித்துட்பாணியை ஒத்த ஓர் இனிப்பு நின்றது. எலுமிச்சையிலும் அப்பிளிலும் உள்ள அதே அமிலங்கள் கோப்பிக் கொட்டையிலும் உள்ளன. மலையின் குளிரில் ஆறுதலாகப் பழுத்தமைக்கு அவை சான்று. கருக வறுத்தால் அவை அழிந்து கசப்பே மிஞ்சும் என்று அவன் விளக்கினான். பின்பு, என் முகத்தைப் பாராமலே சொன்னான்:

"சேர், அன்னைக்கு நீங்க பாதி கோப்பிய வச்சிட்டுப் போனீங்க. சேருக்குப் பிடிக்கலயோன்னு அப்பாயி ரொம்ப நாள் சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

அந்த அம்மையார் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். நான் என்ன விடை கூறுவது? தங்கள் மூன்று மரத்திலே பழுத்தவற்றுள் மிகச் சிறந்ததை அவர் ஓர் ஆசிரியனுக்கு எடுத்து வைத்தார். ஆசிரியனோ தான் அறியாத சுவையைப் பழுது என்று தீர்ப்பளித்துவிட்டு எழுந்து சென்றான்.

மறுநாட் காலையில் அவன் ஓர் இலையைப் பறித்துத் திருப்பிக் காட்டினான். அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத்திற் பொட்டுப்பொட்டாகப் பொடி படிந்திருந்தது. விரலால் தொட்டேன், மஞ்சளைத் தொட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவந்த 'கோப்பி இலைத்துரு நோய்' அதுவே. இருபது ஆண்டுகளுக்கு அண்மிய ஆசிரிய வாழ்விலே அதை நான் கண்ணாற் கண்டது அன்றுதான்.

இதன் வரலாற்றை இங்கே சிறிது கூறவேண்டும். கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட் என்பாரும், கன்னொறுவையில் தேசாதிபதி எட்வேர்ட் பார்ண்சும் 1820களிற் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். அரை நூற்றாண்டுக்குள் மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டு, உச்சக்கட்டத்தில் ஏறத்தாழ 275,000 ஏக்கரிற் கோப்பி நின்றது. 1870ஆம் ஆண்டளவில் 10 கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட கோப்பி ஓராண்டில் ஏற்றுமதியாயிற்று. 1867இற் கண்டிக்குப் புகையிரதம் சென்றதும் இக்கோப்பியை இறக்குவதற்காகவே. அவ்வளவையும் பறித்தவர் தென்னிந்தியத் தமிழர். படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று ஏறத்தாழ நூற்றைம்பது மைல் நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவ்வழியிற் பலரைக் கொண்டுசென்றன. நான் மாத்தளையில் இறங்கி வணங்கிய முத்துமாரி, அவ்வழியின் முடிவிலே அம்மக்கள் வழிபட்ட தெய்வம்.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் இத்துரு நோய் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் இயக்குநர் துவெயிட்ஸ் அனுப்பிய இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பேர்க்லி அப்பூஞ்சணத்துக்கு எமிலியா வஸ்தாத்திரிக்ஸ் என்று பெயரிட்டார். வஸ்தாத்திரிக்ஸ் என்றால் பாழாக்குவது என்பது பொருள். அதே 1869இல் எங்கள் யாழ்ப்பாணத்திலே, கோப்பிச் செய்கையின் சிறப்பைப் பாடும் ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அச்சேறியது. கும்மி வெளிவந்த ஆண்டே கோப்பிக்குக் கூற்றுவனும் வந்தான். பின்னர் 1880 முதல் 1882 வரை இங்கிருந்து ஆராய்ந்த மார்ஷல் வார்ட், காற்று இந்நோயின் வித்திகளைத் தோட்டத்துக்குத் தோட்டம் சுமந்தது என்றும், மலை முழுவதும் ஒரே பயிராக நின்றமையே அழிவைப் பெருக்கியது என்றும் விளக்கினார். இடையே காடுமில்லை, வேற்று மரமுமில்லை. நோய்க்குத் தடை எது? 1884இல் ஓரியன்டல் வங்கியும் முறிந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் பெருந்தோட்டக் கோப்பி ஏறக்குறைய அற்றுப்போக, ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துறையில் நாட்டிய தேயிலை மலைகளை மூடிற்று.

இதில் நான் எழுதாது விட்ட ஒரு வரி உண்டு. கோப்பி பழம் தரும் பயிர். சில மாதங்களுக்கே பெருந்தொகை ஆள் வேண்டும். ஆதலால் வந்தவரிற் பலர் பறித்து முடித்து ஊருக்குத் திரும்பினர். தேயிலையோ கொழுந்து தரும் பயிர். ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே அவர்கள் குடும்பமாக லயங்களிலே தங்கலாயினர். ஒரு நுண்ணிய பூஞ்சணம் ஒரு சமுதாயத்தையே ஒரு மலையில் நிறுத்திவிட்டது. அங்ஙனம் நின்ற மக்களை 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அற்றோர் ஆக்கியது. அவர்களைச் சுட்டுவதற்கு எங்கள் ஊரில் ஓர் இழிசொல் வழங்கியது. சிறுவனாய் இருந்தபோது நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். கரும்பலகையின் நான்கு வரிகளில் அதற்கும் இடம் இருக்கவில்லை.

இன்று அவன் செடிகளிற் சில, நோயைத் தாங்கும் இனத்தின. 1920களிற் தீமோர்த் தீவில் அராபிக்காவும் றொபஸ்டாவும் தாமே கலந்து பிறந்த ஒரு மரத்தின் வழிவந்தவை அவை. மற்றையவற்றை நிழலும் இடைவெளியும் ஓயாத கவனிப்பும் காக்கின்றன. ஒரே பயிராய் நின்று அழிந்ததை, பலாவுக்கும் கமுகுக்கும் இடையே பலவற்றுள் ஒன்றாய் நிறுத்தி அவன் வாழவைக்கிறான். "கொஞ்சம்தான் கிடைக்குது சேர். ஆனா பழுத்தத மட்டும் எடுக்கிறவங்களுக்கு நாள்கூலி கூட்டிக் குடுக்க முடியுது" என்றான். பின்பு உள்ளே சென்று, உறையில் இட்ட உறுதியை எடுத்துவந்து காட்டினான். கோப்பிக்காக நடந்துவந்த ஒரு குலத்திலே, முதன்முதலாக அக்குலத்தான் ஒருவன் பெயரில் எழுதப்பட்ட கோப்பி நிலம் அது. அந்தத் தாளை இரு கையாலும் வாங்கிப் படித்தேன்.

அவன் தந்த ஓர் இறாத்தற் கொட்டையோடு வீடு திரும்பினேன். எனக்குக் காட்டியபடி மிதமாக வறுத்து, மல்லியின்றி, சீனியின்றி, அம்மாவுக்குக் கலந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார்.

"இது என்ன தம்பி, தேத்தண்ணி மாதிரிக் கிடக்கு?"

"ஆறவிட்டுக் குடியுங்கோ அம்மா" என்றேன். அந்த அப்பாயியின் கதையையும் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாது, பேணியை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பின்னர் மிச்சம் விடாமற் குடித்து முடித்தார். பிடித்ததா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் பார்த்தால், எஞ்சிய கொட்டையிற் பாதியைக் கறுக்க வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்துக்கொண்டிருந்தார்! முதலில் எனக்கு மனம் பதைத்தது. பிறகு சிரிப்பு வந்தது. தென்மராட்சி மண்டபத்தில் எங்களைத் தாங்கிய கோப்பியும் கோப்பியே. ஒன்று இடத்தைச் சொல்கிறது. மற்றது இல்லத்தைச் சொல்கிறது. ஒன்றை அறிவதற்காக மற்றொன்றைப் பழிக்கவேண்டியதில்லை.

இப்பொழுதும் அப்பாடம் வரும்போது நான்கு வரிகளை எழுதவே செய்கிறேன். பரீட்சைக்கு அவை வேண்டும். ஆனால் அதற்குமுன் ஒரு சிறு போத்தலில் நான் கொண்டுவந்து வைத்திருக்கும் பச்சைக் கோப்பிக் கொட்டைகளை மாணவர் கைகளில் இடுகிறேன். முகர்ந்து பார்க்கச் சொல்கிறேன். இதைப் பறித்தவர் யார், அவர் எவ்வழியால் வந்தார் என்று கேட்டு அதன்பின் பாடத்தைத் தொடங்குகிறேன்.

மலைநாட்டுக்குச் செல்லும் அன்பர்கள் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துத் திரும்புகின்றனர். அடுத்தமுறை, வீட்டுத்தோட்டக் கோப்பி ஒரு கோப்பை கேட்டுக் குடித்துப் பாருங்கள். முதல் மிடறு புளித்தால் வைத்துவிட வேண்டாம். சற்று ஆறவிட்டு, முழுவதையும் குடியுங்கள்.